கண் மூடியவர்களுக்குக் காவல்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்
ஜூலை 21

கபசேலா,

குலப்பெயர் சொல்லி அழைக்கும் உரிமை எனக்கு இனி இல்லை என்பாய். இருக்கட்டும். பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு ‘திரு. ம்கிசே அவர்களுக்கு’ என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் இதை அண்டர்பர்க் வேன் ஓட்டும் துலானியிடம் கொடுத்தனுப்புகிறேன். பள்ளிக்கூட வாசலில் உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

திரும்பி வா என்று கேட்பதற்காக எழுதவில்லை. நம் யோகா வகுப்பு அண்டிலேக்காக எழுதுகிறேன்.

செப்டம்பர் பதினெட்டில் அவனுக்கு டர்பனில் மார்பை ஆண் மார்பாக்கும் அறுவை சிகிச்சை. அவன் இதற்காக எப்படிக் காத்திருந்தான் என்று உனக்குத் தெரியும். இப்போது போகமாட்டேன் என்கிறான். தன் வீட்டின் செத்துப்போன பெரியவர்களிடம் தன் அப்பா போய், ‘இவன் என் மகன், பெயர் அண்டிலே’ என்று சொல்ல வேண்டுமாம். சொல்லாமல் கத்திக்குக் கீழே படுக்கமாட்டானாம். மயக்கத்தில் அப்படியே போய்விட்டால் அந்தப் பக்கம் தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்கிறான். நான் சிரிக்கவில்லை. நீயும் சிரிக்காதே. அதைச் சொல்லக்கூடியவர் அப்பா ஒருவர்தான். அந்த அப்பாதான் ஜூன் மாதம் பூங்காவில் நீ தள்ளிவிட்ட மனிதர்.

அன்று நடந்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல நீ இடமே தரவில்லை. வகுப்பின் கடைசி. எல்லாரும் போர்வை போர்த்திச் சவாசனத்தில் கிடந்தோம். வழக்கம்போல் நீ அத்தி மரத்தில் சாய்ந்து காவல் நின்றாய். கூச்சல் கேட்டுக் கண் திறந்தால் ஒரு கிழவர் புல்லில் விழுந்து கிடக்கிறார். அவர் தடி உன் கையில் இருக்கிறது. பயத்தில் யாரோ சிரித்தார்கள். அண்டிலே “அப்பா” என்று கத்தி எழுவதற்குள் அவர் எழுந்து சாலைக்குப் போய்விட்டார். மூன்று வருடம் மகனை ஏறெடுத்துப் பார்க்காதவர் அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார். சமாதானமாகத்தான் வந்திருப்பார் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் எனக்கு அத்தனை கோபம் வந்தது.

அவர் பெயர் ஷெசி. புல்வருக்குப் பக்கத்தில் இருக்கிறார். உன் பள்ளியிலிருந்து அது தூரமில்லை. அண்டிலே கூப்பிட்டால் எடுப்பதில்லை. நான் போனால், பிள்ளையைக் கெடுத்தவன் வந்துவிட்டான் என்பார். நீ போய்ப் பார்.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது.

புசானி


அண்டர்பர்க்
ஜூலை 29

திரு. புசானி சோண்டி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் படித்து முடிக்கும்வரை துலானி வேனை நகர்த்தவில்லை. உள்ளே இருந்த பயணிகள் என்னைத்தான் திட்டினார்கள்.

அன்று நடந்ததை எப்படிப் பார்த்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். கண் திறந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

சுவருக்குள் நடந்த வகுப்பைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தவர் நீங்கள். பால்புதுமையர் என்பதற்காக நம்மவர்கள் நாலு சுவருக்குள்தான் மூச்சு விட வேண்டுமா, வெயிலில் விடட்டும் என்றீர்கள். முதல் மாதமே சாலையிலிருந்து பாட்டில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் கடைசியில் எல்லாரும் கண் மூடிக் கிடக்கும்போது ஒருவர் விழித்து நிற்பது என்று முடிவாயிற்று. முறை வைத்து நிற்பதாகத்தான் பேச்சு. அந்த முறை எங்கே போயிற்று? டோலிக்கு முழங்கால் வலி. செவிலிப் பெண்கள் இரவுப் பணி முடித்து வந்தவர்கள், பாவம். வேலாப்பி நிற்பார். வேலாப்பி வாத்தியார், மிரட்டிப் பழகியவர். ஐந்து வருடம் நின்றேன். உங்கள் ஒவ்வொருவருடைய குறட்டையும் எனக்குத் தெரியும். அந்தப் புல்லில் நான் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. அதை யாராவது கவனித்தீர்களா?

ஒரு மனிதர் தடியை ஓங்கிக்கொண்டு, கண் மூடிக் கிடப்பவர்களை நோக்கி ஓடி வருகிறார். நான் என்ன செய்ய வேண்டும்? அருகில் போய் யார் வீட்டு அப்பா என்று விசாரிக்க வேண்டுமா? தடுத்தேன். அவர் விழுந்தார். அதற்கு உங்கள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது இது: “உனக்கு மனுஷனே தெரியாதுடா. யாரப் பாத்தாலும் எதிரி. இனிமே நீ காவலுக்கு நிக்க வேணாம்.” எல்லார் முன்னாலும். டோலி வாயில் சமோசாவை வைத்துக்கொண்டு கேட்டாள். பழைய பள்ளியில் என்னைத் தாண்டி நேற்று வந்தவனைத் தலைமையாசிரியர் ஆக்கியபோதுகூட, அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்கள்.

அவர் அடிக்கத்தான் வந்தார். சமாதானத்துக்கு வருகிறவர் தடியை ஓங்கமாட்டார். நான் போகப்போவதில்லை.

வே. ம்கிசே

பின்குறிப்பு: புல்வருக்கு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. தெரிந்தால் அந்தப் பாதையைத் தவிர்த்துக்கொள்ளலாம்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க்
ஆகஸ்ட் 3

கபசேலா,

புல்வரிலிருந்து மலைப் பக்கம் போகும் மண் சாலை. மர ஆலையைத் தாண்டி, நீலக் கதவு வைத்த வட்ட வீடு. நன்றாகத் தவிர்த்துக்கொள்.

நீ போனபிறகு டோலி காவல் நிற்கிறாள். நிற்கிறாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. முக்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறாள். போன சனிக்கிழமை அவளும் தூங்கிவிட்டாள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இப்போதெல்லாம் ஒருவரும் முழுதாகக் கண் மூடுவதில்லை. ஒற்றைக் கண்ணால் சாலையைப் பார்த்துக்கொண்டு மனத்தை எப்படி அடக்குவது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நீ ஒருமுறையும் படுத்ததில்லை என்று எழுதியிருந்தாய். நான் கவனிக்கவில்லை. உனக்கு நிற்பதுதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் பக்கத்தில் படுத்தவனுக்கு இதைக் கடிதத்தில் படித்துத்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

ஆனால் எனக்கும் ஒரு குறை உண்டு. நான் ரொட்டி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். நின்று சண்டை போட்டிருக்கலாம். அது தெரியாமல் நான் வந்து இரண்டு பேருக்கு முட்டை பொரித்தேன்.

மருத்துவமனையிலிருந்து தேதியை உறுதி செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அண்டிலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறான். இந்த இடம் போனால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

புசானி


அண்டர்பர்க்
ஆகஸ்ட் 14

புசானி,

அந்த மனிதரின் தடி என் பெட்டியிலேயே வந்துவிட்டது. கோபத்தில் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று பார்க்கவில்லை. பிறர் பொருள் என்னிடம் இருப்பது எனக்குப் பிடிக்காது. திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். வேறு காரணம் எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

வெளிக் கதவில் நின்று முறைப்படி அவர் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வெளியே வந்தார். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

“தடியக் குடுக்க வந்தியா, பாக்கி அடியக் குடுக்க வந்தியா?”

இரண்டு கைகளாலும் தடியை நீட்டினேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உட்காரச் சொன்னார். அவருடைய தங்கை புளித்த பாலும் சோளக் களியும் கொண்டுவந்து வைத்தார். பனியைப் பற்றிப் பேசினோம். மர ஆலையில் ஆள் குறைப்பதைப் பற்றிப் பேசினோம். பேச்சு தீர்ந்தபிறகு, அன்று ஏன் அப்படி ஓடி வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீயும் நானும் இரண்டு மாதமாகப் போட்ட சண்டைக்கு இதில் இடமே இல்லை.

“என் தங்கச்சிதான் சொன்னா, சனிக்கெழம காலைல புள்ள பூங்காவுல இருக்கும்னு. சும்மா தூர நின்னு பாத்துட்டு வரலாம்னு போனேன். போய்ப் பாத்தா வரிசையா கெடக்கறாங்க. மேல போர்வை. ஒரு கை அசையல, ஒரு கால் அசையல. என் புள்ளைக்குத் தலையோட மூடியிருக்கு, காலு மட்டும் தெரியுது. என் புள்ள காலு எனக்குத் தெரியாதா? இந்த மாதிரிப் புள்ளைங்கள ஊர்ல என்னென்ன பண்றாங்கன்னு தெனம் ரேடியோல சொல்றான். மரத்தடியில ஒருத்தன் மட்டும் நின்னுக்கிட்டு அவங்களையே பாத்துட்டிருக்கான். மூஞ்சில ஒரு சொட்டு எரக்கம் இல்ல. சரி, இவன்தான் முடிச்சிட்டான்னு நெனைச்சேன்.”

என் முகத்தைப் பற்றி அவர் சொன்னதை நீ சிரிக்காமல் படிக்க வேண்டும்.

ஆக, அவர் சமாதானத்துக்கும் வரவில்லை, மகனை அடிக்கவும் வரவில்லை. தடி எனக்காக ஓங்கியது. உன் வகுப்பில் சவாசனம் என்ற பெயரை உள்ளபடி புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

பிறகு ஏன் மகனின் போனை எடுப்பதில்லை என்று கேட்டேன்.

“நான் விழுந்து கெடக்கறப்போ சிரிச்சாங்கப்பா. என் புள்ளையும் சிரிச்சிருக்கும். அழுதுக்கிட்டு ஓடி வந்த கெழவன். இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது?”

எல்லார் முன்னாலும் அவமானப்பட்டவன் எப்படி இருப்பான் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் சும்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால், இந்த ஊருக்கு வந்தபிறகு நான் நன்றாக உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

சிரித்தது அண்டிலே இல்லை, அவன் “அப்பா” என்று கத்தினான் என்றேன்.

“கத்தினானா?”

“கேக்கலையா உங்களுக்கு?”

“காது மந்தம்” என்றார். தடியின் குமிழைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெரியவர்களிடம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவன் கேட்பதையும், இல்லாவிட்டால் மருத்துவமனைக்குப் போகமாட்டான் என்பதையும் சொன்னேன். செத்தவங்களுக்கு அப்படி ஒரு பேரே தெரியாதே என்றார். நீங்க சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும் என்றேன். அவர் தடியை ஊன்றி எழுந்தார். வெளிக் கதவுவரை வந்து வழியனுப்பினார்.

நான் தடுத்தது தவறு என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஓங்கிய தடி ஓங்கிய தடிதான்.

வேலாப்பி


பீட்டர்மாரிட்ஸ்பர்க்
ஆகஸ்ட் 19

கபசேலா,

நான் சிரித்தேன். மன்னித்துக்கொள். அந்த முகத்தோடுதானே பதினோரு வருடம் காலையில் தேநீர் குடித்தேன், அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கடிதத்தை அண்டிலேயிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான். “நான் மட்டும்தான் தலைய மூடுவேன். குளுருது, அதான்” என்றான். சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினான். நான் உள்ளே போகவில்லை.

மாலையில் வந்து, அப்பா ஒருநாள் வகுப்பைப் பார்க்க வருவாரா என்று கேட்டான். பெயர் விஷயம் அவர் வாயிலிருந்து வரும்வரை தானாக அதைப் பேசமாட்டானாம். மருத்துவமனைக்கு மட்டும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் இந்த மாதக் கடைசிவரை பொறுப்பார்கள்.

ஆகையால் 31ஆம் தேதி சனிக்கிழமை. உன் பழைய பிக்கப் வண்டி அந்த மலைச் சாலையில் இன்னும் உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வா.

உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. காகிதத்தில் சொல்லமாட்டேன். எல்லார் முன்னாலும் போட்டதை எல்லார் முன்னாலும்தான் எடுக்க வேண்டும்.

புசானி


அண்டர்பர்க்
ஆகஸ்ட் 26

புசானி,

முதலில் வரமாட்டேன் என்றார். அடுத்த நாள் யார் போனிலிருந்தோ கூப்பிட்டு, “அங்க வந்தா நானும் காலத் தூக்கணுமா?” என்று கேட்டார். வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும் என்றேன். வருகிறார்.

நான் வண்டி ஓட்டுபவன் மட்டும். பூங்கா வாசலுக்கு உள்ளே வரமாட்டேன். என்னை யாரும் வந்து அழைக்க வேண்டாம். டோலி சமோசாவோடு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். நீ ஏதோ எடுக்க வேண்டும் என்கிறாயே, அதை எடு, எடுக்காமல் போ, நான் அதற்காக வரவில்லை.

அவர் உள்ளே போகும்போது எல்லாரும் அசைந்துகொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்.

வேலாப்பி


பீட்டர்மாரிட்ஸ்பர்க்
செப்டம்பர் 1

கபசேலா,

வாசலில் வண்டியில் சாய்ந்து, எங்களுக்கு முதுகு காட்டி நின்றாய். நான் சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். கேட்க வேண்டும் என்றுதான் அப்படிக் கத்தினேன். குளத்து வாத்துகளே பறந்துவிட்டன. இருந்தாலும் எழுத்திலும் இருக்கட்டும்: ‘ஐந்து வருஷம் வேலாப்பியை நிற்க வைத்துவிட்டு நாமெல்லாம் படுத்தோம். ஒருநாள் தடுத்ததற்காக நான் அவனை உங்கள் முன்னால் அவமானப்படுத்தினேன். அது என் தப்பு.’ இவ்வளவுதான் சொன்னேன். பிறகு தொண்டை ஒத்துழைக்கவில்லை. நீ திரும்பவில்லை. ஆனால் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டாய். அதைப் பார்த்தேன்.

உன் முதுகுக்குப் பின்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஷெசி ஐயா வகுப்பு முழுவதும் டோலியின் முக்காலியில் உட்கார்ந்து, தடியில் முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டோலி ஒற்றைக் காலில் நின்று தள்ளாடியபோது “புடிச்சுக்க தாயி” என்றார். கடைசியில் எல்லாரும் படுத்தோம். அண்டிலே தலையை மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் முக்காலியை இழுக்கும் சத்தம் கேட்டு நான் மட்டும் கண் திறந்தேன். அவர் அண்டிலேயின் தலைமாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். குனிந்து, அவன் மூக்கின் கீழ் விரலை நீட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்கள் எல்லாருக்குமாகச் சொன்னார்: “மூச்சு வருது.”

கண்ணைத் திறக்காமலே எல்லாரும் சிரித்தார்கள். அண்டிலேயின் வயிறு குலுங்குவது போர்வைக்கு மேலேயே தெரிந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

எழுப்ப வேண்டிய நேரம் வந்தும் நான் மணியை அடிக்கவில்லை. அவர் அவன் தோளில் கை வைத்திருந்தார்.

“அண்டிலே. எந்திரி. வீட்டுக்குப் போகணும். சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லணும்.”

அவன் எழுந்திருக்கவில்லை. அப்பா அந்தப் பெயரைச் சொல்வதை இன்னொருமுறை கேட்க வேண்டும்போல் இருந்திருக்கும். தனக்குப் போலவே அவனுக்கும் காது மந்தம் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் பூங்கா முழுவதும் கேட்கும்படி “அண்டிலே” என்று கூப்பிட்டார். அப்போதுதான் எழுந்தான். அதற்குள் நீ வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாய்; இரண்டு பேரும் துலானியின் வேனில் புல்வருக்குப் போனார்கள். போகும் வழியிலேயே அண்டிலே மருத்துவமனைக்கு போன் செய்து, தேதியை உறுதி செய்துவிட்டான்.

நீ கவனித்தாயோ இல்லையோ, இன்னொன்று. நேற்று எல்லாரும் இரண்டு கண்ணையும் மூடினார்கள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாசலில் நீ சாலையைப் பார்த்து நிற்பது எல்லாருக்கும் தெரியும்.

காவலுக்கு இனி உண்மையான முறை. அடுத்து வருவது டோலி, பின்னல் ஊசிக்குத் தடை. அதற்கடுத்தது நான். உன் முறை வர வெகு நாள் ஆகும். அதுவரை உனக்குக் காவல் வேலை இல்லை, வெறும் படுக்கிற வேலைதான்.

புசானி


அண்டர்பர்க்
செப்டம்பர் 9

நொண்டாபா,

உன்னைக் குலப்பெயர் சொல்லி அழைக்கும் உரிமை எனக்கும் இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நேற்று ஷெசி வீட்டில் ஆடு வெட்டினார்கள். வட்ட வீட்டின் பின்சுவர் ஓரமாக வாசனைப் புல்லைப் புகைய வைத்து, அவர் மண்டியிட்டுப் பேசினார். அண்டிலே பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். இன்னொருவர் வீட்டு முன்னோர்கள் முன்னால் எனக்கு என்ன வேலை? கதவோரம் நின்றேன். செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக அழைத்தார். ஒரு பெயர் மறந்துபோய்த் தங்கையைத் திரும்பிப் பார்த்தார், அவர் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். தடுமாறவில்லை. பிறகு வெளியே வந்து, புகையால் கண் எரிகிறது என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

பதினெட்டாம் தேதி அவரும் டர்பனுக்கு வருகிறார். மயக்கம் கொடுக்கும் அறைக்குள் தன்னை விடுவார்களா என்று விசாரிக்கச் சொன்னார். விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வெளியே உட்கார அவருக்குத் துணை வேண்டும். நான் இருப்பேன்.

நீ சொன்னது எனக்குக் கேட்டது. ‘அது என் தப்பு’ என்பதற்குப் பிறகு இன்னும் ஒரு வாக்கியம் இருந்திருக்கலாம். தொண்டையைக் குறை சொல்லித் தப்பித்துக்கொண்டாய். டோலி இன்னும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அந்தக் கணக்கு தனி.

பள்ளியில் இந்தப் பருவம் முடிய இன்னும் சில வாரம் இருக்கிறது. பாதியில் விட்டுப்போகும் பழக்கம் எனக்கு இல்லை; ஜூன் மாதம் ஒருமுறை செய்தேன், அது ஒன்று போதும். பருவம் முடிந்ததும் பெட்டியோடு வருகிறேன். நீ ரொட்டி வாங்கப் போகும் நேரம் பார்த்து வரமாட்டேன்.

இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு மட்டும் வருகிறேன். கடைசி வரிசையில் படுக்கிறேன். எனக்கு அது எப்படி வரும் என்று தெரியவில்லை. கண் மூட நேரமாகும், கவனிக்காதே. கடைசியில் நீ எல்லாருடைய போர்வையையும் கால்வரை இழுத்துவிட்டபிறகுதான் போய்ப் படுப்பாய். மரத்தடியிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கும் அதைச் செய்வதென்றால் எல்லாரும் பார்க்க நேராக என்னிடம் வராதே. வேறு யாருக்கோ போகிற மாதிரி வந்து, போகிற வழியில் செய்.

வேலாப்பி